மே மாதத்தில் பூட்டிக் கிடந்த மலைப்பாதையை எனக்கு விற்ற நிறுவனத்துக்கு

அனுப்புநர்
இரா. செ.,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 'ஆல்ப்ஸ் குடும்பக் கார்ப் பயணம், 10 நாள்' பேக்கேஜ் – பணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முதல் ஆறையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆறுக்கும் "தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில், அதே எழுத்துப்பிழையோடு வந்தது. அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

பேக்கேஜைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தயாரித்தது, நீங்கள் விற்றது. ஐந்தாம் நாளில், சுவிட்சர்லாந்துப் பகுதிக்கு, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். "கிரிண்டெல்வால்டில் காலை உணவுக்குப் பின் கிரிம்செல், ஃபுர்கா மலைப்பாதைகள் வழியாக ஆன்டர்மாட். வழியில் ரோன் பனியாற்றின் ஐஸ் குகை. பெல்வெடேர் ஹோட்டலில் மதிய உணவு." மறந்திருந்தால் உங்கள் வண்ணப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்.

எங்கள் பயணம் மே இரண்டாம் வாரம். ஏழு வயது மகள், மூன்றரை வயது மகன், முட்டி வலியுள்ள என் அம்மா, மனைவி, நான். பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் என்று உங்கள் கோவை கிளையில் முதல் நாளே சொன்னேன். "கோடைக்கு ஆல்ப்ஸ்தான் சார் பெஸ்ட்" என்றார்கள். கோடை யாருடைய கோடை என்று அப்போது கேட்காமல் விட்டது என் தப்பு. நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் அங்கே 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பெரும்பாலான மலைப்பாதைகள் பனியில் பூட்டித்தான் கிடக்கும். கிரிம்செல் 2,164 மீட்டர், ஃபுர்கா 2,429 மீட்டர். மே கடைசியிலோ ஜூனிலோதான் பனியை வாரித் தள்ளிவிட்டுத் திறக்கிறார்கள். இது ரகசியம் இல்லை. வருடா வருடம் நடப்பது. ஆல்ப்ஸை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே விற்றீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை பிரியென்ஸ் ஏரியை ஒட்டி மைரிங்கன், இன்னர்ட்கிர்ஹன் என்று ஏறி, குட்டானன் என்ற சின்ன ஊர் வரை போனோம். ஊரைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளைக் கம்பி. ஓரத்தில் தூசி படிந்து கறுத்துப்போன பனிக் குவியல். என் மகன் கீழே இறங்கி அதைச் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்து, "அப்பா, ஐஸ் அழுக்கா இருக்கு" என்றான். கீழேயே ஒரு பலகையில் கிரிம்செல், ஃபுர்கா என்ற பெயர்களுக்கு எதிரே சிவப்பில் என்னவோ எழுதியிருந்தது. ஜெர்மன் தெரியாததால் கடந்து வந்துவிட்டேன். மூடியிருக்கிறது என்று அர்த்தமாம். ஜி.பி.எஸ். காலையிலிருந்தே வேறு வழி காட்டியது. "அது சுத்தி விடும் சார், நம்ம பிளானையே ஃபாலோ பண்ணுங்க" என்று புறப்படும் முன் சொல்லி அனுப்பியவர்கள் நீங்கள்.

அங்கே நின்றபடிதான் உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்கு அழைத்தேன். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். இருபத்திரண்டு நிமிடம் பாட்டு. ரோமிங் கணக்கில் பாட்டு. பிறகு ஒரு இளைஞர். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. பாதை மூடியிருக்கிறது, பனி என்றேன். அவர் சொன்னது அப்படியே:

"சார், மே மாசம் சம்மர் சார். சம்மர்ல ஏது சார் ஸ்னோ?"

என் காலடியில் பனி. காரின் முன்சக்கரம் ஏறி நிற்பது பனி. போட்டோ அனுப்பட்டுமா தம்பி என்றேன். "அதெல்லாம் வேணாம் சார். உங்களுக்கு மலையில ஓட்டப் பயமா இருந்தா டிரைவர் வச்ச பேக்கேஜ் எடுத்திருக்கலாமே" என்றார். நான் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். வால்பாறைக்குப் போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் மழையில் ஏறி இறங்கியவன். சுவிட்சர்லாந்திலும் சாலையின் வலது பக்கம் ஓட்டி, இண்டிகேட்டர் போடுகிறேன் என்று முதல் இரண்டு நாள் வைப்பரைப் போட்டுத் துடைத்ததைத் தவிர வேறு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தத் தம்பி போனை வைத்துவிட்டார். துண்டிக்கப்படவில்லை, வைத்துவிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "இந்த ஊர்ல மே மாசம்னா மார்கழியா கண்ணு?" அவருக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது உங்கள் அலுவலகத்துக்கு இன்று வரை புரியவில்லை.

பின் சீட் என்றதும் நினைவு வருகிறது. 'குழந்தை இருக்கைகள் இலவசம்' என்று வவுச்சரில் இருக்கிறது. சூரிச் விமான நிலையக் கவுண்ட்டரில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். சுவிட்சர்லாந்தில் பன்னிரண்டு வயதுக்குள், 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அந்த இருக்கை கட்டாயம். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் வேண்டும். கிளைக்கு அழைத்தபோது "ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டல் வரைக்கும் மடியில வச்சுக்கோங்க சார்" என்று ஒரு அம்மையார் அறிவுரை சொன்னார். மடியில்! எழுபது கிலோமீட்டர். பத்து நாளுக்கு இரண்டு இருக்கைக்கும் நானே பணம் கட்டினேன். கட்டவும் முதலில் முடியவில்லை. முன்வைப்புத் தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமாம், நீங்கள் வாங்கச் சொன்ன, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு செல்லாதாம். என் சொந்தக் கார்டு பையில் இருந்ததால் பிழைத்தோம். இரண்டு இருக்கையையும் மாட்டிய பிறகு நடுவில் மிஞ்சிய ஒரு சாண் இடத்தில் அம்மா பத்து நாள் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தார். 'ஐந்து பேருக்கு வசதியான கார்' என்று எழுதியவரை அந்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஆசை.

சரி, கிரிம்செலுக்கு வருகிறேன். பக்கத்தில் சுஸ்டன் பாதையும் மூடல். திரும்பி மைரிங்கன் இறங்கி, 1,008 மீட்டரில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் புரூனிக் பாதை ஏறி, ஸ்டான்ஸ் போய், ஏ2 நெடுஞ்சாலை பிடித்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆன்டர்மாட் போக வேண்டும். அன்றைக்கு இயேசு விண்ணேற்ற விழா, அங்கே அரசு விடுமுறை. பாதி ஐரோப்பாவே நீண்ட வார இறுதிக்குத் தெற்கே இறங்கும் நாள் அது. கோட்ஹார்ட் மேல்பாதை பூட்டியிருப்பதால் அத்தனை வண்டியும் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சுரங்கத்துக்குள் நுழையத்தான் வரிசை. அந்த வரிசையில் சிறுநீர் கழிக்க இடமில்லாமல் மூன்றரை வயதுப் பிள்ளையோடு இரண்டே முக்கால் மணி நேரம் நின்றோம். வளைவுகளில் மகள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். அம்மா கொண்டுவந்திருந்த உப்பு நார்த்தங்காய்தான் அன்றைக்கு எங்கள் 24 மணி நேர உதவி மையம். விடுமுறை என்பதால் கடைகளும் இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் பாலும் ரொட்டியும் வாங்கி மதிய உணவை மாலை ஐந்து மணிக்கு முடித்தோம்.

பெல்வெடேர் ஹோட்டல் சாப்பாடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். அந்த ஹோட்டல் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஜூலையில் போயிருந்தாலும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஒரு வாய் சோறு கிடைக்காது. இல்லாத ஹோட்டலில் ஐந்து பேருக்குச் சாப்பாடு விற்றிருக்கிறீர்கள். இதற்கு என்ன பெயர் என்று நான் எழுதினால் கடிதத்தின் மரியாதை போய்விடும்.

ஐஸ் குகை விஷயத்தில் மட்டும் என்னால் உங்களை மன்னிக்கவே முடியாது. அந்தக் குகையை ஒவ்வொரு வருடமும் பனியாற்றுக்குள் புதிதாகக் குடைகிறார்கள், ஜூன் வாக்கில்தான் திறக்கிறார்கள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நீலக் கலரில் சுவர், தொட்டால் குளிரும், உள்ளே போய்ப் பேசினால் எதிரொலிக்கும் என்று. குட்டானன் கம்பி முன்னால் அவள் அழவில்லை. "நாளைக்குத் திறப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளும் கேட்டாள்.

கிரிண்டெல்வால்டில் இருந்த மூன்று நாளும் நன்றாகவே இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். பனி உருகும் காலம் என்பதால் லாவ்டர்புருனன் பள்ளத்தாக்கில் அருவிகள் பொங்கி விழுந்தன, பிள்ளைகள் குதித்தார்கள். அது ஆல்ப்ஸின் குணம். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் நாள் இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைப்பாதை. 2,757 மீட்டர். வடக்குப் பக்கம் 48 கொண்டை ஊசி வளைவு. அதுவும் மூடல் என்று இந்த முறை நானே பார்த்துத் தெரிந்துகொண்டு, போர்மியோவில் நீங்கள் போட்டிருந்த இரண்டு அறைகளையும் விட்டுவிட்டு, வருடம் முழுக்க ஓடும் மலோயா பாதை வழியாக செயின்ட் மோரிட்ஸ் போய், எங்காடின் பள்ளத்தாக்கில் இறங்கி இன்ஸ்புருக் சேர்ந்தோம். அறைப் பணம் திரும்பாது என்று உங்கள் கிளை சொல்கிறது. 'வாடிக்கையாளர் தானாக வரவில்லை' என்று பதிவாம். போர்மியோ வந்தால் அங்கிருந்து ஸ்டெல்வியோவை எப்படி ஐயா தாண்டுவது, பறந்தா?

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து என் கார்டில் 120 யூரோ, அதோடு கார் வாடகைக்காரர்களின் நிர்வாகக் கட்டணம். ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் சுங்க வில்லை, அதாவது சாலைக் கட்டண ஸ்டிக்கர், இல்லாமல் ஓட்டியதற்காக. 'எல்லாச் சாலைக் கட்டணமும் அடங்கும்' என்று உங்கள் வவுச்சர் சொல்கிறது. காரில் ஒட்டியிருந்தது சுவிஸ் வில்லை மட்டும். அது ஆஸ்திரியாவில் செல்லாது என்பதை எனக்குச் சொல்ல வேண்டியது யார்? சர்வதேச ஓட்டுநர் அனுமதி கூடத் "தேவையில்லை சார், நம்ம லைசன்ஸ் இங்கிலீஷ்லதானே இருக்கு" என்றவர்கள்தானே நீங்கள். இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் அது வேண்டும். என் மச்சான் வற்புறுத்தியதால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கினேன்.

இதையெல்லாம் நேரில் பேசித் தீர்க்கலாம் என்றுதான் நினைத்தேன். கோவை கிளைக்கு நான்கு முறை வந்தேன். "ஹெட் ஆபீஸ்தான் சார் முடிவு பண்ணும்" என்றார்கள். லீவு போட்டு, சேரன் எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க உட்கார்ந்து வந்து, காலை ஒன்பதரைக்கு உங்கள் தலைமை அலுவலக வரவேற்பறையில் நின்றேன். மதியம் ஒன்றே கால் வரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. பிறகு ஒருவர் வந்து, "இது கோவை புக்கிங் சார், கோவைலதான் பார்க்கணும். இங்க பார்க்கிறவர் டூர்ல இருக்கார்" என்றார். எங்கே டூர் என்று கேட்டேன். சுவிட்சர்லாந்தாம். அது ஜூலை மாதம். பாருங்கள், உங்கள் ஆட்களுக்கு எப்போது போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது!

இன்னொன்றும் கேட்கிறேன். மே மாதம் அங்கே இடைக்காலம். பல கேபிள் கார்கள் பராமரிப்புக்கு நிற்கின்றன, ஆன்டர்மாட்டில் எங்கள் ஹோட்டல் உணவகமே பூட்டியிருந்தது, அறை வாடகையும் குறைவு. எங்களிடம் நீங்கள் வாங்கியது 'கோடை உச்ச சீசன்' கட்டணம், பதினொன்றரை லட்சம். அங்கே சீசன் இல்லாத விலைக்கு வாங்கி, இங்கே பள்ளி லீவு விலைக்கு விற்றிருக்கிறீர்கள். அந்த வித்தியாசம் யார் பையில்? வெளிநாட்டுப் பேக்கேஜ் என்று எங்களிடம் முன்கூட்டியே பிடித்த டிசிஎஸ் வரிக்குச் சான்றிதழும் இன்னும் வரவில்லை.

என் கணக்குப்படி எங்கள் இழப்பு பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. பேக்கேஜே அவ்வளவு இல்லையே என்பீர்கள். அம்மாவின் முட்டி வைத்தியம், என் லீவு நாட்கள், சென்னைப் பயணம், அந்த இருபத்திரண்டு நிமிடப் பாட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இருந்தாலும் நான் நியாயம் பார்க்கிறவன். போர்மியோ அறைகள், குழந்தை இருக்கைகள், ஆஸ்திரிய அபராதம், சீசன் கட்டண வித்தியாசம், இல்லாத ஹோட்டலின் சாப்பாடு. இவற்றை மட்டும் பதினைந்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம், என் அம்மாவிடம் கேட்கட்டும்.

தயவுசெய்து இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து நாள் தாண்டினால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இந்த முறை சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி வர வேண்டியது நீங்கள். குட்டானன் கம்பி, கறுத்த பனி, அதன்மேல் என் மகன் கால், எல்லாம் நேரம், தேதியோடு போட்டோவாக இருக்கிறது.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இரா. செ.

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் உங்கள் குறுஞ்செய்தி வந்தது. 'அடுத்த பள்ளி லீவுக்கு ஆல்ப்ஸ்! மே மாதப் புறப்பாடுகள், முதல் இருபது குடும்பங்களுக்கு ஐஸ் குகை நுழைவு இலவசம்.' அதையும் அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலில் இதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.