மாரிக்கு முன் கூரையையும் பீலியையும் ஒருக்கால் பாருங்கள்

மட்டக்களப்பு
ஆவணி மாதம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமாங்கத் தீர்த்தம் முடிந்துவிட்டது. கச்சான் (வரண்ட தென்மேற்குக் காற்று) இன்னும் கொஞ்ச நாள் அடித்துவிட்டு ஓயும். இந்த இடைவெளி பார்த்துத்தான் இந்த மடலை அனுப்புகிறோம். ஐப்பசி பிறந்து முதல் பெருமழை விழுந்த மறுநாள் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. "கூரை ஒழுகுது, எத்தனை சீற் வேணும் என்று பாருங்க" என்று வருபவர்கள்தான் அதிகம். அவர்களில் பலருக்குப் புதுச் சீற் தேவையே இல்லை. கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலி அடைத்திருக்கும், அல்லது திருகாணியின் றப்பர் வாசர் வெடித்திருக்கும், அல்லது முகட்டோட்டுச் சாந்து கழன்றிருக்கும். சீற் விற்றால் எங்களுக்கு இலாபம்தான். ஆனால் புதுச் சீற் போட்ட பிறகும் அதே மூலையில் சொட்டினால் நீங்கள் ஏசப்போவது எங்களைத்தானே. வாசரை இப்போது வாங்குங்கள், சீற்றைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கார்த்திகையில் வானொலியில் "கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அந்த 100 மில்லிமீற்றர் உங்கள் கூரையில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீற்றர். ஆக, அந்த ஒரு நாளில் 9,300 லீற்றர் இறங்கும். மாடியில் வைக்கும் 1000 லீற்றர்த் தாங்கி ஒன்பது முறை நிரம்பி வழியும் தண்ணீர் அது. அவ்வளவும் நாலு அங்குல அகலப் பீலி வழியாகத்தான் போகவேண்டும். போகாவிட்டால் பின்பக்கமாக வழிந்து சுவர்த் தலைக்கும் கைமரத்தின் முனைக்கும் போய்விடும். "சீற் ஓட்டையாகிவிட்டது" என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் இதுதான்.

கச்சான் காலத்தில் பீலிக்குள் என்னென்ன சேர்கிறது என்பதை ஏறிப் பார்த்தால்தான் தெரியும். வேப்பிலை, முருங்கைச் சருகு, தென்னம்பாளைத் தூள், காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு, பிள்ளைகளின் பந்து. இவற்றின் மேல் புழுதி படிந்து, இரண்டு தூறலில் நனைந்து, பிறகு வெயிலில் காய்ந்து, அடியில் களிமண் போல இறுகிவிடும். அதைக் கையால் அள்ள வராது. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். தகரப் பீலியில் மண்வெட்டியோ கம்பியோ போட்டால் பூச்சு உரிந்து அடுத்த மாரிக்குள் துரு பிடிக்கும். அள்ளியதை இறக்குக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். வேலை சுலபம் என்று பலர் செய்வது அதைத்தான், பிறகு குழாயின் முழங்கை வளைவில் அடைத்துக்கொள்ளும். வாளியில் இறக்கி வாழை அடியில் போடுங்கள்.

சின்ன அரசங்கன்று ஏதும் முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளிவிட்டு இறங்காதீர்கள். வேரோடு போகவேண்டும். சிலாப் கூரை, கொங்கிரீற் பீலி உள்ளவர்களுக்கு இது முக்கியம். குருவி எச்சத்தில் வரும் விதை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் அந்த வேர் வெடிப்பை அகட்டிக்கொண்டே போகும்.

துப்புரவு முடிந்ததும், குழாய்க்கு எதிர்ப்பக்கத்து முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதும் ஓடி இறங்கினால் சரி. நடுவில் குளம் போல நின்றால் அந்த இடத்தில் பீலியைப் பிடிக்கும் தாங்கி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்தடி நீளத்துக்கு அரை அங்குலச் சாய்வு இருந்தால் போதும். நிற்கிற தண்ணீர் பீலிக்கு மட்டும் கேடல்ல. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வளவெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார், பீலியை அண்ணாந்து பார்க்க நாங்களும் மறந்துவிடுவோம், அவரும் சிலவேளை மறந்துவிடுவார்.

இறக்குக் குழாய் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். மலசலகூடக் குழிப் பக்கம் விடவே கூடாது. மாரியில் நம் பக்கம் நிலத்தடி நீர் ஏறிவிடும், குழி தானாகவே நிரம்பும், நாமும் சேர்த்து நிரப்பத் தேவையில்லை. பக்கத்து வளவுக்குள் விட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சீற் கூரைக்காரர்களுக்கு. நடுப்பகலில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தை உள்ளேயிருந்தே சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் மேலே நுழைந்து மரத்தின் வழியே நாலைந்து அடி ஓடித்தான் கீழே விழும். பெரும்பாலும் குற்றவாளி திருகாணியின் வாசர். வெயிலில் றப்பர் வெடித்து, சீற் நாளுக்கு நாள் விரிந்து சுருங்கி, ஆணியும் தளர்ந்திருக்கும். புது வாசர் போட்டு முறுக்கும்போது றப்பர் விளிம்பில் கொஞ்சம் பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் இறுக்கினால் கிழியும். அலைச் சீற்றில் ஆணி மேட்டில்தான் இருக்கவேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல.

ஒரு விடயத்தை மேசன்மாரிடமும் சொல்லிப் பார்த்தோம், கேட்பதாக இல்லை. சுவரும் சிங்-அலுமினியப் பூச்சுள்ள சீற்றும் சேரும் இடத்தில் சீமெந்துச் சாந்து அப்பாதீர்கள். ஈரச் சீமெந்தின் காரம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். சாந்துக்கு அடியில் சீற் கறுத்துப் பொரிந்து கிடப்பதைக் கழற்றும்போதுதான் காண்பீர்கள். தகடு வளைத்துப் போட்டு சிலிக்கன் பூசினால் போதும். அதேபோல, கூரைமேல் வைத்தே கிரைண்டரால் சீற் வெட்டினால் பறக்கிற இரும்புத் தூள் சீற்றில் ஒட்டி, முதல் மழையிலேயே செம்புள்ளியாகத் துரு பிடிக்கும். கீழே வைத்து வெட்டச் சொல்லுங்கள், அன்றே கூட்டிவிடவும் சொல்லுங்கள்.

மழை நமக்குக் கடல் பக்கமிருந்து, வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. புதுக் கூரை போடுபவர்கள் சீற் அடுக்குவதைத் தென்மேற்கு மூலையில் தொடங்கி வடகிழக்கு நோக்கி வரவேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று படிகிற விளிம்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மாறி அடுக்கினால் எவ்வளவு சிலிக்கன் பூசினாலும் காற்று தண்ணீரை உள்ளே ஊதிவிடும்.

ஓட்டுக் கூரையில் எங்கள் பகுதிக்குப் பெரிய எதிரி மழையல்ல, குரங்கு. அம்பாறைப் பக்கம் வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். விலகிய ஓடுகளைத் தள்ளிச் சரிசெய்யுங்கள், உடைந்ததுக்கு அதே அச்சு ஓடு கொண்டுவந்து போடுங்கள். வேறு அச்சு ஓடு பக்கத்து ஓட்டோடு கவ்வாது. ஓரத்து வரிசைகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

அஸ்பெஸ்டோஸ் சீற் உள்ளவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை வாசியுங்கள். பாசி படிந்திருக்கிறது என்று கம்பித் தூரிகையால் தேய்க்கவோ பிரஷர் பம்பால் அடிக்கவோ வேண்டாம். அதன் நார்த் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். துளையிடவோ கழற்றவோ வேண்டுமென்றால் முதலில் நன்றாக நனையுங்கள், தூசு பிடிக்கும் சரியான முகக்கவசம் போடுங்கள், துணிக் கவசம் உதவாது. அதன்மேல் நேரே கால் வைக்கவும் கூடாது. பழைய சீற் பார்க்க உறுதியாக இருக்கும், மிதித்தால் நொறுங்கும். மரத்துக்கு மரம் எட்டும்படி பலகை போட்டு அதில் நடக்கவேண்டும்.

அப்புறம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புப் பற்றியும் சொல்லவேண்டும். பல வீடுகளில் கூரைக்குக் காசு வருவது கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ நோர்வேயிலிருந்தோதான். காசோடு ஆலோசனையும் வரும். அங்கே அவர்கள் செய்வது அங்கே சரியானது. ரொறன்ரோவில் இலையெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு, உறைபனி தொடங்குமுன் பீலியைத் துப்புரவாக்குவார்கள். பிந்தினால் பீலிக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து, உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரிந்து, பீலியின் பொருத்தையும் தாங்கியையும் கழற்றிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை கூரையின் விளிம்பில் கட்டும் பனிக்கட்டி அணை. வீட்டுக்குள் போடும் சூடு சீலிங் வழியே கசிந்து மேல் கூரையைச் சூடாக்கும். அங்கே கிடக்கும் பனி உருகி வழிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த தாழ்வாரத்துக்கு வந்ததும் மறுபடி உறையும். நாளுக்கு நாள் அது வரம்பு போல உயர, பின்னால் தேங்கும் தண்ணீர் கூரை ஓட்டுக்கு அடியால் ஏறி வீட்டுக்குள் இறங்கும். வெளியே சுற்றிவர உறைந்து கிடக்க, உள்ளே சீலிங் சொட்டும்.

அங்கே இதற்குப் பரிகாரம் கூரைமேல் ஏறிக் கோடரியால் பனிக்கட்டியை வெட்டுவதல்ல. வெட்டினால் கூரையும் சேர்ந்து உடையும், ஏறியவரும் விழுவார். சீலிங்குக்கு மேலே கனமாகக் காப்புப் பஞ்சு விரித்து, சூடு கசியும் இடுக்குகளை அடைத்து, கூரைக்கும் பஞ்சுக்கும் இடையில் காற்றோட வழி விடுவதுதான் நிரந்தர வழி. அவசரத்துக்கு, தரையில் நின்றபடியே நீளக் கோல் வைத்த வாருகோலால் விளிம்புப் பனியை இழுத்துத் தள்ளுவார்கள். கல்லுப்பைக் கூரையில் கொட்டினால் பனி உருகும்தான், ஆனால் தகடும் பீலியும் அரித்து, கீழேயுள்ள செடியும் கருகும். ஆகையால் உங்கள் மகன் "அம்மா, பீலியைக் குளிருக்கு முன்னம் கிளீன் பண்ணுங்கோ" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மாதம் மட்டும்தான் வித்தியாசம்.

ஆனால் அங்கேயுள்ள எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர வேண்டாம். பீலிமேல் போடும் இலைத்தடுப்பு வலை அங்கே அகன்ற இலைகளுக்கு நன்றாக வேலை செய்யும். வேம்பும் முருங்கையும் உள்ள வளவில் சின்னஞ்சிறு இலைகள் வலைமேலேயே பாய் போல ஒட்டி, தண்ணீர் பீலிக்குள் இறங்காமல் தாண்டி ஓடிவிடும். எங்கள் கடையில் அந்த வலை இருக்கிறது, கேட்டால் தருவோம், ஆனால் வேப்பமரத்தடி வீட்டுக்கு நாங்களாகச் சொல்லமாட்டோம். காப்புப் பஞ்சும் அப்படித்தான். அங்கே உள்ளே போட்ட சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும், இங்கே மேலிருந்து இறங்கும் வெக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சீற்றுக்கும் பளபளப்புத் தாளுக்கும் நடுவில் ஓர் அங்குலம் காற்றிடைவெளி விட்டுக் கட்டினால் நமக்கு அதுவே பெரிய உபகாரம்.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பயந்து பயந்து போடும் உப்பை நமக்குக் கடல் சும்மாவே தருகிறது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரம் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மழை படும் மேல்பக்கத்தைவிட, தாழ்வாரத்தின் அடிப்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும், அடியில் கழுவ ஆளில்லை. கச்சான் காலம் முழுக்கப் பெரிதாக மழையும் இல்லை. ஆவணியில் ஒருதரம் நல்ல தண்ணீர்க் குழாயால் அடிப்பக்கத்தையும் பீலியின் வெளிப்புறத்தையும் கழுவிவிட்டாலே வித்தியாசம் தெரியும். ஆணியிலும் மலிவு பார்க்காதீர்கள். நல்ல சீற்றில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால், துரு ஆணியில் தொடங்கிச் சீற்றுக்குத் தாவும்.

காற்றைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பெருங்காற்று கூரையைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது. அந்த இழுவை அதிகம் படுவது தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும் பக்க விளிம்புகளிலும். அந்த இடங்களில் ஆணியை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். கைமரமும் சுவரும் சேரும் இடத்தில் இரும்புப் பட்டி இருக்கிறதா என்று தச்சு வேலை செய்யும் ஓடாவியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரத்துக்கு என்று கல்லும் பழைய தயரும் சீற்றின்மேல் ஏற்றி வைப்பதை நிறுத்துங்கள். பெருங்காற்றில் அது யார் தலையில் விழும் என்று தெரியாது.

ஏறுவதானால் விடியவே ஏறுங்கள், பத்து மணிக்குப் பிறகு சீற் சுடும். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் தள்ளிச் சாய்த்து, கீழே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். அறுபது தாண்டியவர்கள் ஆளைப் பிடித்துச் செய்வியுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆளைப் பிடிப்பதென்றாலும் இப்போதே பிடிக்கவேண்டும். பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டால் கூரை வேலைக்கு வரும் பொடியன்கள் பாதிப்பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்களைப் புரட்டாசி முடியும்வரை முன்பதிவு வரிசைப்படி அனுப்புவோம். மழை பெய்துகொண்டிருக்கும்போது யாரையும் கூரையில் ஏற்றமாட்டோம், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் கேட்டு வந்தால் ஒரு தறப்பாளும் கயிறும் தருவோம், வேலை வெயில் கண்ட பிறகுதான்.

பழைய வாசர், உடைந்த ஓட்டுத் துண்டு, பீலித் தாங்கி எதுவானாலும் கையோடு ஒன்றைக் கொண்டுவாருங்கள். "சின்னதாக இருக்கும், கறுப்பு" என்று சொன்னால் எங்களுக்குப் பிடிபடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணித்தியாலம் கடை பூட்டியிருக்கும், மற்ற நேரங்களில் யாராவது இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கூரைச் சாமான் கடையினர்