நீ என்ன பதில் சொன்னாய், கனி?

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள கனி,

போனில் பேசினால் பாதியில் நீ அழுதுவிடுவாய், இல்லையென்றால் நான். அதனால்தான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீ வெளியே போன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னோடு வேலை செய்கிற பெண் கேண்டீனில், "உங்கள் நாடு ஏன் இன்னும் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது?" என்று கேட்டதாக எழுதினாய். "நம் நாடு செய்வதெல்லாம் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை" என்று அடுத்த வரி. அவ்வளவுதான், உன் மாமா பாய்ந்துவிட்டார். "ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு சொந்த நாட்டைக் குறை சொல்லாதே, நாட்டு நலன் என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு?" பின்னாலேயே வரிசையாகக் கைதட்டல் படங்கள். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பெற்ற பெண்ணைத் தனியாக விட்டுவிட்டேனே என்று இன்றுவரை மனசு அறுக்கிறது. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நாட்டு நலன் என்ற சொல் எனக்குப் புதிதில்லை கண்ணு. பன்னிரண்டு வருடம் அந்தச் சொல்லை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

வங்கியின் ஃபோர்ட் கிளையில் நான் அந்நியச் செலாவணி கவுண்டரில் இருந்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்த 1973இல் வந்த ஃபெரா சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. வெளிநாடு போகிறவருக்கு எத்தனை டாலர் என்பதை ரிசர்வ் வங்கி தீர்மானிக்கும். கொடுத்த தொகையை அவருடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போடுவது என் வேலை. சொந்தக் காசுதான், உழைத்துச் சேர்த்ததுதான். ஆனாலும் அதை டாலராக மாற்ற என் சீல் வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், நம் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. மகன் அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உடனே பணம் அனுப்ப வேண்டும். விதிப்படி நாங்கள் அனுப்பக்கூடிய தொகை அவருக்குப் போதவில்லை. மேலே வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கி அனுமதி, அதற்கு அங்கிருந்து டாக்டர் கடிதம். "நாட்டில் டாலர் தட்டுப்பாடு சார், எல்லாருடைய நன்மைக்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள்" என்றேன். அவர் வாதாடவில்லை. பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அனுமதி வரப் பதினொரு நாள் ஆனது. பையன் பிழைத்துக்கொண்டான். இருந்தாலும், வீட்டில் யாராவது தண்ணீர் கேட்டால் சில சமயம் அந்தக் குரல் எனக்கு ஞாபகம் வரும்.

நான் சொன்னது பொய்யா என்றால், பொய் இல்லை. 1991இல் அதையும் கண்ணால் பார்த்தேன். வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, அங்கிருந்து நம் ஆட்கள் அனுப்பும் பணமும் குறைந்து, சில வாரங்களுக்கு இறக்குமதி செய்யத்தான் கையிருப்பு மிஞ்சியிருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கிக்கு அடகாக அனுப்பியது. ரிசர்வ் வங்கி, எங்கள் கிளையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கட்டிடம். செய்தி பத்திரிகையில் வந்த அன்று கவுண்டரில் யாருமே சரியாகப் பேசவில்லை. நீ என் வயிற்றில் இருந்தாய். நான் என்னையறியாமல் கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். விதியும் உண்மை, அந்தப் பெரியவரின் பதினொரு நாளும் உண்மை. இரண்டையும் சேர்த்தேதான் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடத்துக் கதை உன் சித்தப்பாவுடையது. 1990 ஆகஸ்ட் 2, சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். கஃபீல் என்பார்கள், அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாறவும் முடியாது, ஊருக்கு வரவும் முடியாது. முதலாளி தப்பி ஓடிவிட்டார், பெட்டியும் போனது. தூதரகம் கொடுத்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லையில் கூடாரம், அப்புறம் அம்மானிலிருந்து ஏர் இந்தியா. சஹார் ஏர்போர்ட்டில் அவர் வெளியே வந்தபோது உன் அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் இரண்டு மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அந்த ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாமைச் சந்தித்தார். இருவரும் கட்டிக்கொண்ட படம் உலகமெல்லாம் வந்தது, திட்டாத ஆள் இல்லை. ஒரு சின்ன நாட்டை விழுங்கியவனைக் கட்டிப்பிடிப்பதா என்று நானும் கோபப்பட்டேன். குவைத்துக்காரர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் பாக்தாத்தின் தயவு இல்லாமல் அந்த பஸ்கள் நகர்ந்திருக்காது. 2022இல் ஐ.நா. பொதுச்சபையில், உக்ரைனுக்குள் படையோடு நுழைந்த ரஷ்யாவைக் கண்டித்து 141 நாடுகள் ஓட்டுப் போட்டபோது நாம் ஒதுங்கி நின்ற 35இல் ஒன்றாக இருந்தோம். அந்த வாரம் உக்ரைனில் நம் மருத்துவ மாணவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கியிருந்தார்கள். முதல் விமானம் புக்காரெஸ்டிலிருந்து வந்து இறங்கியது இதே மும்பையில்தான். டிவியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்குச் சித்தப்பாதான் தெரிந்தார்.

அதனால் நாட்டு நலன் என்று யாராவது சொன்னால், அதில் எந்த ஆள் இருக்கிறான் என்று நான் தேட ஆரம்பித்துவிட்டேன். ஆளைக் காட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆளே இல்லாமல் சொல்லை மட்டும் நீட்டினால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

எண்ணெய்க்கும் அதே கேள்விதான். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022க்கு முன்னால் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம், அப்புறம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. டீசல் ஏறினால் வாஷி மார்க்கெட்டிலிருந்து வருகிற தக்காளியும் ஏறும், அது எனக்குப் புரிகிறது. உன் தோழியிடம் நீ இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஐரோப்பாவும் போருக்குப் பிறகு ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டுதான் இருந்தது, குஜராத் ஆலைகளில் சுத்திகரித்த டீசலும் ஐரோப்பாவுக்குப் போனது. ஆனால் மாமாவிடம் நான் கேட்க நினைத்தது வேறு. மும்பையில் பெட்ரோல் 2021இல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது, மலிவு எண்ணெய் வந்த பிறகும் அதற்குக் கீழே இறங்கவில்லையே, அந்த லாபம் யார் வீட்டுக்குப் போனது? இதைக் கேட்டால் நாட்டுக்கு எதிரியா?

2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. டயமண்ட் கார்டனில் காலையில் என்னோடு நடக்கிற பெண்களெல்லாம் அந்த வாரம் கொதித்தார்கள். அடிபணியக் கூடாது என்றார்கள், நானும்தான். நம் கட்டிடத்து மூன்றாவது மாடி அக்கா மட்டும் பேசவில்லை. அவருடைய மகன் அந்தேரியில் சீப்ஸ் என்கிற ஏற்றுமதி மண்டலத்தில் நகை செய்கிற யூனிட்டில் இருக்கிறான், சரக்கு முழுக்க அமெரிக்காவுக்கு. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்களாம். நாடு தலைநிமிர்ந்து நிற்பதற்கான செலவை அந்தப் பையன் கட்டிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்துக்கொண்டு பேசினால்தான் அது நம் எல்லாருடைய தலைநிமிர்வு.

மாமாவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. கச்சத்தீவு என்று சொல்லிப் பார், அவர் குரல் எப்படி மாறுகிறது என்று. 1974இல் டெல்லியும் கொழும்பும் கையெழுத்துப் போட்டன, 1976இல் மீன்பிடிக்கும் எல்லையையும் முடிவுகட்டினார்கள், ராமேஸ்வரத்து மீனவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஐம்பது வருடமாகச் சொல்கிறார். அதுவும் நாட்டு நலன் என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். என் கூட வேலை பார்த்த மராத்திப் பெண்களுக்குக் கச்சத்தீவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அவர்களுக்கு அவர் பேச்சு வீண்வம்பாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரை யாரும் வாயை மூடு என்று சொன்னதில்லை. அவருக்கு இருக்கிற அந்த உரிமை உனக்கும் இருக்கிறது. இதை அவரிடம் நேற்று போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். "சரி, பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

இனி பாஸ்போர்ட் விஷயம். நீ ஜெர்மன் குடியுரிமை வாங்கலாமா என்று கேட்டு மூன்று மாதமாகிறது, நான் நழுவிக்கொண்டே வந்தேன். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் சட்டப் புத்தகங்களாக வாங்கி வந்து, பழைய கவுண்டர் பழக்கத்தில் பிரிவு பிரிவாகப் படித்தேன்.

ஒரே வரி மூன்று இடத்தில் வருகிறது கனி. "வெளிநாடுகளுடனான நட்புறவு." முதலில் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவில், பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம் என்பதற்கான காரணங்களில் ஒன்றாக. 1950இல் அது கிடையாது. அந்த வருடம் பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அங்குள்ள அரசு தடை போட்டது. நேருவின் கொள்கைகளைச் சாடிய பத்திரிகை. உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அடுத்த வருடம் சாசனத்தையே திருத்தினார்கள், அப்போது நுழைந்த வரிகளில் இது ஒன்று. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் வந்தது, அது நல்லதாயிற்று.

இரண்டாவது இடம் 1967ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டம். பாஸ்போர்ட்டைப் பறிப்பதற்கான காரணங்களில் அதே வரி, பக்கத்திலேயே பொதுநலன். நெருக்கடி நிலை அறிவித்தபோது எனக்குப் பதினாறு வயது. பம்பாய் பத்திரிகை ஒன்றில் ஒரு மரண அறிவிப்பு வந்தது: டி.இ.எம். ஓ'க்ரசி, மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி, ஜூன் 26 அன்று காலமானார். தாத்தா அதை எங்களுக்கு மெதுவாகச் சேர்த்து உச்சரித்துக் காட்டிவிட்டு (டெமாக்ரசி, ட்ரூத், லிபர்ட்டி: ஜனநாயகம், உண்மை, சுதந்திரம்), உடனே வெளியே போய் வாசலைப் பார்த்தார். அவ்வளவு பயம். நெருக்கடி நிலைக்கு முடிவுகட்டுவதாகச் சொல்லித்தான் 1977இல் புது ஆட்சி வந்தது. அந்த ஆட்சியே அந்த ஜூலையில் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலன் என்று முடக்கியது, காரணம் கேட்டால் அதையும் பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்றது. 1978 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சுதந்திரத்தில் கைவைக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது.

மூன்றாவது இடம் உனக்கானது. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமைக்குச் சம்மதிக்கிறது, நம் சட்டம் சம்மதிக்காது. நீ அங்கே சேர்ந்தால் இந்தியக் குடியுரிமை அன்றோடு முடிந்தது, அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டைதான். ஊருக்கு வரலாம், தங்கலாம், தாத்தாவின் வயல் வாரிசாகவும் வரலாம். ஓட்டு கிடையாது. 19ஆவது பிரிவின் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். அட்டையை ரத்து செய்யும், குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவில் அந்த வரி மறுபடி உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவளுக்கு எல்லாப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும், மாட்டுங்கா பெரியவருக்கு நான் செய்யாததை உனக்காவது செய்கிறேன்.

அங்கே எட்டு வருடமாக வரி கட்டுகிறாய், அங்கே உனக்கு ஓட்டு வேண்டும் என்று நினைப்பது நியாயம். இங்கே இருக்கிற ஓட்டையும் நீ இதுவரை போட்டதில்லை. படிவம் 6ஏ நிரப்பினால் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் பதிவு செய்யலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024 மே 20 அன்று உச்சி வெயிலில் வரிசையில் நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். உன் அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

சித்தப்பாவின் அந்தத் தூதரகத் தாள் நம் பீரோவில், உன் பிறப்புச் சான்றிதழோடுதான் இருக்கிறது. டிசம்பரில் வரும்போது எடுத்துக் காட்டுகிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது, பெயர் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அப்புறம், அந்தப் பெண் எண்ணெயைப் பற்றிக் கேட்டாள், நீ ஒரு பதில் சொல்ல ஆரம்பித்தாய், இரண்டாவது வரியிலேயே நாங்கள் எல்லாரும் உன் மேல் விழுந்துவிட்டோம். அதற்கு மேல் நீ என்ன சொன்னாய்? எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா