ஸ்கேனில் தெரியாத காயம்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்குப் பதினொரு வயது. கூடைப்பந்து ஆடும்போது இன்னொரு பெண்ணின் முழங்கை இடித்து மல்லாந்து விழுந்தாள். மயக்கம் வரவில்லை, வாந்தி எடுக்கவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மீண்டும் ஆடினாள். மாலையில் வீட்டுக்கு வந்தவள் விளக்கை அணைக்கச் சொன்னாள். மறுநாள் மருத்துவர் மூளையதிர்வு என்றார். கன்கஷன் என்றும் சொல்கிறார்கள்.

விழுந்ததற்காக யாரையும் குறை சொல்ல வரவில்லை. விளையாடுகிற பிள்ளை விழத்தான் செய்யும். அதற்குப் பிறகு வகுப்பறையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

“ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டதே, இன்னும் என்ன தலைவலி?” என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் அவளைக் கேட்டார்கள். சி.டி. ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். மூளையதிர்வில் பழுதாவது நரம்புச் செல்கள் வேலை செய்கிற விதம். உலுக்கப்பட்ட செல்கள் பழைய நிலைக்குத் திரும்ப நிறைய ஆற்றல் வேண்டும். அதே சமயத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அதனால்தான் வெளியே ஒரு கீறல்கூட இல்லாத பிள்ளை பத்து நிமிடம் படித்ததும் துவண்டுபோகிறது. ஸ்கேன் நார்மலாக வந்தால் நிம்மதி அடையலாம். குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

அவளை அவசரப்படுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலமாரிக் கதவில் மோதிக்கொண்டு எனக்கே இது வந்தது. பத்து நாளில் தேறிவிட்டேன். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அந்தக் கணக்கையே மகளுக்கும் போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை பிடிக்கலாம்; ஒற்றைத் தலைவலியோ மனப்பதற்றமோ ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இன்னும் நீளலாம்.

ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே வரியை மூன்று முறை படித்தாள். பிறகு அளவுகோலை உள்ளேயே வைத்துப் புத்தகத்தை மூடினாள். “எழுத்தெல்லாம் நகர்கிறது, அம்மா” என்றாள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இதைவிடக் கடினம். நிமிர்ந்து தூரத்தில் பார்க்க வேண்டும், குனிந்து பக்கத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தலை சுற்றும். இதைத்தான் நடிப்பு என்றார்கள்.

அப்படியானால் முழுதாகக் குணமாகும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள் என்பீர்கள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது பழைய வைத்தியம். அது குணமாவதைத் தள்ளிப்போடவே செய்கிறது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்வு மாநாடு சொன்னது இது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெல்ல நடப்பது, கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்புக்குத் திரும்புவது. பாதி தேறிய பிள்ளையை வகுப்பில் ஏற்றுக்கொள்ள நீங்கள் தயாராக இருந்தால்தான் இது நடக்கும். முதலில் ஓரிரு பாடவேளை போதும். எழுதிய பாடக்குறிப்பின் நகலைக் கொடுங்கள். தேர்வைத் தள்ளிவையுங்கள். தலைவலி கூடினால் கேள்வி கேட்காமல் அமைதியான ஓர் அறைக்கு அனுப்புங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி ஒரு மணி நேரத்துக்குள் மட்டையோடு திரும்பினார். மறுநாள் காலையில்தான் அறிகுறி தெரிந்தது. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். மருத்துவர் குழுவே உடனிருக்கும் இடத்தில் இதுதான் நிலை என்றால், பள்ளி மைதானத்தில் “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று ஒரு பிள்ளை சொல்வதை எப்படி நம்புவது? தலையில் அடிபட்டு மூளையதிர்வோ என்ற ஐயம் வந்தாலே அன்று ஆட்டம் அவ்வளவுதான். திரும்புவதும் படிப்படியாகத்தான்: ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். உடல் மோதும் ஆட்டம் மருத்துவர் அனுமதித்த பிறகே. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம். கனடாவின் ஒண்டாரியோவில் 2013-ல் ரக்பி ஆடிய பதினேழு வயது மாணவி ஒருத்தி சில நாட்களுக்குள் அடுத்தடுத்து அடிபட்டு இறந்தாள். அவள் பெயரிலேயே அங்கே 2018-ல் சட்டம் வந்தது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருப்பது: இவற்றில் எது தெரிந்தாலும் பெற்றோருக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

என் மகள் திங்கட்கிழமை முதல் காலையில் இரண்டு பாடவேளை மட்டும் வருவாள். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், சுவரோரம் ஓர் இடம் கொடுங்கள். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். ஐந்து நிமிடம் முன்பாகவே வெளியே விட்டுவிடுங்கள், வாசலில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்