சேதக் கணக்கில் நடவுப் பெண்கள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காவிரி டெல்டா பயிர்ச்சேதம் பற்றிய தங்கள் கட்டுரை ஹெக்டேர் கணக்கோடு நின்றுவிட்டது. அந்த வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைக்கும் பெண்களின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று எல்லா ஆண்டும் நம்ப முடிவதில்லை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். நாற்றுவிட்டு 25 நாள் தண்ணீருக்குக் காத்திருப்பதைவிட, புழுதியில் நேரடியாகத் தெளித்துவிட்டால் நஷ்டம் விதையோடும் உழவோடும் போகும் என்று விவசாயி நினைக்கிறார். அதைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கிய நடவு அங்கே இல்லை. நேரடி விதைப்பில் களை அதிகம், வேலை கிடைக்குமே என்பார்கள். களை நெல்லோடு சேர்ந்தே முளைப்பதால் கையால் பறிக்கும் வரை யாரும் பொறுப்பதில்லை, களைக்கொல்லிதான். ஸ்பிரேயர் தூக்குவது ஆண்கள். போதாததற்கு அதே 2024-ல், குறுவை நெல் சாகுபடிக்கு அரசு உதவி தரும் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம்!

அறுவடை நேரத்து மழை இன்னும் மோசம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்ததே, அதுபோல. சம்பா அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள் உளுந்து தெளிப்பது வழக்கம். தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். தப்பி முளைத்தாலும், ஈர வயலில் இறங்கும் செயின் வண்டி (சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம்) நசுக்கிவிடும். விவசாயிக்கு ஒரு பயிர் போச்சு. பெண்களுக்கோ செடி பிடுங்குவது, அடிப்பது, தூற்றுவது என்று சித்திரை வரை ஓடும் கூலி போச்சு. பல வீடுகளில் மகளின் கல்லூரிக் கட்டணமும் குழுக்கடன் தவணையும் அந்தக் காசுதான்.

அந்த மழைக்கு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால். பணம் அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிப் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்குப் போகும். வாய்மொழிக் குத்தகைக்காரரே தடுமாறும் இடத்தில் கூலிப் பெண்ணை யார் கேட்பது?

புதுச் சட்டம் தேவையில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளிலேயே, வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பெரியவர்கள் இருவருக்கு நூறு நாள் வேலைக் கூலி அளவில் தினசரி உதவி தர இடமிருக்கிறது. பயனாளியை அடையாளம் காண வேண்டியது மாநில அரசு. வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் நினைவுக்கு வரும் இந்த விதி, நடவு பொய்த்த ஊருக்கு வருவதில்லை.

இயந்திரத்திடம் போன நடவுக் கூலிக்கும் ஒரு வழி உண்டு. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். ஏக்கருக்கு ஒரு சென்ட் போதும். பாலித்தீன் விரித்து, சலித்த மண் பரப்பி, பூவாளியில் நீர் தெளித்து, 15 நாளில் நாற்றைப் பாயாகச் சுருட்டலாம். நடவுப் பெண்களுக்குக் கைவந்த வேலைதான். நாற்றை மகளிர் குழுவிடம்தான் வாங்க வேண்டும் என்று மானியத்தோடு ஒரு நிபந்தனை சேர்த்தால், பறிபோன கூலியில் கொஞ்சமாவது திரும்பும்.

சேதம் பார்க்க வரும் கிராம நிர்வாக அலுவலர் அன்றே கூலியாட்களையும் பதிய வேண்டும். ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். நடவு செட்டுக்கு, அதாவது கூலிக் குழுவுக்கு, ஆள் சேர்க்கும் பெண்ணிடம், யார் எந்த வயலில் எத்தனை நாள் என்று எழுதிய நோட்டு இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் உதவி அலுவலர்,
நீடாமங்கலம்.