மாற்றுத்திறனாளிகளுக்கான பல் சிகிச்சை மாவட்டங்களுக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் பல் மருத்துவம் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் செயற்கைப் பல் பொருத்துவது, வரிசை தப்பிய பற்களுக்குக் கம்பி கட்டுவது, பற்களை வெண்மையாக்குவது ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. நாற்காலியில் வாயைத் திறந்தபடி அரைமணி நேரம் அசையாமல் இருக்க இயலாதவர்களைப் பற்றியும், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாதவர்களைப் பற்றியும் அவற்றில் படிக்கக் கிடைப்பது மிகவும் குறைவு. தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா ஆகியவற்றோடு வாழ்பவர்களின் பல் சிகிச்சைக்கு ஏற்ற பொருள்களும் முறைகளும் பல பத்தாண்டுகளாகவே உலகில் உள்ளன. அவற்றை மாவட்ட அளவில் இவர்களுக்கு எட்டும்படி செய்வதும், நம் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வை இவர்கள் பக்கம் திருப்புவதும் இனியும் தள்ளிப்போடக் கூடாத வேலைகள் என்று கருதுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இவர்களுக்குப் பல் கெடுவதற்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும் அநியாயம். மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் இனிப்பு கலந்த திரவ மருந்து கொடுக்கப்படுகிறது. அதையும் பெரும்பாலும் இரவில், தூங்கும் முன் கொடுக்கிறார்கள். வலிப்புக்குத் தரப்படும் பினைட்டாயின் மருந்து, அதை உட்கொள்வோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஈற்றை வீங்கி வளரச் செய்கிறது. வளர்ந்த ஈறு பல்லை மூடிக்கொள்வதால் துலக்குவது இன்னும் கடினமாகிறது. நாக்கும் கன்னத் தசையும் கட்டுப்பாட்டில் இல்லாத குழந்தையின் வாயில், சாப்பிட்ட சோறு கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே மணிக்கணக்கில் தங்கிவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தையைவிட ஈறு நோய்தான் முதல் எதிரி; இளம் வயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கிவிடுகின்றன.

வலி வந்தாலும் அது வலியாகத் தெரிவதில்லை. பிள்ளை தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான், இரவெல்லாம் தூங்காமல் கத்துகிறான். அவனுடைய குறைபாட்டின் இயல்பே இதுதான் என்று முடிவுகட்டி, அமைதிப்படுத்தும் மருந்தின் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல்லின் வேரடியில் சீழ் கட்டியிருக்கும். திடீரென்று நடத்தை மாறிய எந்த மாற்றுத்திறனாளிக்கும் முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர், சிறப்புப் பள்ளி ஆசிரியர், மனநல மருத்துவர் என அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் வழியாகவே வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிக் கண்டறிந்த பிறகுதான் பெற்றோரின் அலைச்சல் தொடங்குகிறது. உள்ளூரில் பார்ப்பவர், முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், மதுரைக்கோ சென்னைக்கோ போங்கள் என்று சொல்லிவிடுகிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒவ்வொரு பயணமும் இருவரின் ஒருநாள் ஊதியம். ஆகவே தள்ளிப்போடுகிறார்கள். இறுதியில் போய்ச் சேரும்போது காப்பாற்ற வேண்டிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகிவிடுகிறது.

ஆனால், ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ள சொத்தைகளில் பெரும்பகுதிக்கு முழு மயக்கமும் வேண்டாம், துளையிடும் கருவியும் வேண்டாம். சில்வர் டைஅமீன் புளோரைடு என்ற திரவம் ஜப்பானில் 1970-லேயே சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்டது. 38 சதவீதக் கரைசலில் உள்ள வெள்ளி கிருமிகளை அழிக்கிறது. புளோரைடு பல்லின் கடினத்தன்மையை மீட்கிறது. ஹாங்காங் ஆய்வாளர்கள் சீனப் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து, சொத்தை பரவுவது நின்றுபோவதை 2002-இல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இதையும், சொத்தையை அடைக்கப் பயன்படும் கிளாஸ் அயனோமர் சிமென்டையும், புளோரைடு பற்பசையையும் சேர்த்தது. இந்தக் கரைசல் இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது.

இதைப் பூசும் முறையை வாசகர்கள் அறிய வேண்டும்; ஏனென்றால் அதன் எளிமையில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே அமர்ந்து, குழந்தை தாயைப் பார்த்தபடி மருத்துவரின் மடியில் தலைசாய்த்துப் படுக்க, தாய் அதன் கைகளைப் பிடித்துக்கொள்கிறார். உதட்டிலும் ஈற்றிலும் வாசலின் தடவி, பஞ்சுச் சுருளை வைத்து எச்சிலை ஒற்றியெடுத்து, நுனியில் பூம்பஞ்சு வைத்த சிறு குச்சியால் ஒரு சொட்டிலிருந்து தொட்டுச் சொத்தையின் மேல் தடவி ஒரு நிமிடம் விட வேண்டும். இயந்திரச் சத்தம் இல்லை, ஊசி இல்லை, தண்ணீர் தெறிப்பதும் இல்லை. சத்தத்துக்கும் தொடுதலுக்கும் மிரளும் ஆட்டிசக் குழந்தைக்கு இந்த வேறுபாடு சாதாரணமானது அல்ல. ஒரு சொட்டே நாலைந்து பற்களுக்குப் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. பூசிய சொத்தை கருத்துப்போகும்; அந்தக் கருமை மாறாது. முன்பல்லில் அது தெரியும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே நல்ல தமிழில் எடுத்துச் சொல்லி, படமும் காட்டி, சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும். சீழ் கட்டிய பல்லுக்கும், நரம்பு வரை அழுகிய பல்லுக்கும் இது உதவாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூசவே கூடாது.

கிளாஸ் அயனோமர் சிமென்ட் லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி, 1972-இல் உலகுக்கு அறிவித்த பொருள். கண்ணாடிப் பொடியையும் பாலி அக்ரிலிக் அமிலத்தையும் குழைத்தால் கிடைக்கும் இந்தச் சிமென்ட் பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டிக்கொள்கிறது. புளோரைடையும் மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. பல்லின் நிறத்தில் வைக்கப்படும் காம்போசிட் அடைப்பு அழகானதுதான். ஆனால் அதற்குப் பல் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், படிப்படியாகப் பசை தடவி ஒளி பாய்ச்சும் வரை நோயாளி அசையாதிருக்க வேண்டும். எச்சில் வழிந்துகொண்டே இருக்கும் வாயில் அது நடக்காத காரியம். மின்சாரமே இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டியெடுத்து இந்தச் சிமென்டால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவாகி, 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், பால் பல்லில் சொத்தையைச் சுரண்டாமலேயே உலோகத் தொப்பியைச் சிமென்ட் நிரப்பி மேலே அழுத்திப் பொருத்திவந்தார். அவருடைய நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த பிறகு டண்டீ பல்கலைக்கழகத்தினர் முறையான ஒப்பீட்டு ஆய்வை நடத்தி, 2007-இல் அதன் பலனை உறுதிசெய்தார்கள். ஒரு சாதாரண மருத்துவரின் கைப்பழக்கம் உலகம் ஏற்ற சிகிச்சையானது, அதைப் பொறுமையாக அளந்து பார்த்த ஆய்வினால்தான்.

அத்தகைய ஆய்வு இங்கே நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் மையம். நம் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அவற்றில் கணிசமானவை பிடுங்கிய பற்களை ஆய்வகத்தில் வைத்து அழுத்தியும் நனைத்தும் சோதிப்பவை. அவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரவு முழுவதும் பற்களை நறநறவென்று கடிக்கும் மூளை முடக்குவாதக் குழந்தையின் வாயில் ஓர் அடைப்பு எத்தனை மாதம் தாங்குகிறது என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது.

இன்னொரு கேள்வி நம் மண்ணுக்கே உரியது. கிளாஸ் அயனோமர் சிமென்டைக் கலந்த பிறகு கையாளக் கிடைக்கும் நேரம் பொதுவாக 23 டிகிரி வெப்பநிலையில்தான் அளக்கப்படுகிறது. குளிரூட்டி இல்லாத நம் அரசு மருத்துவமனை அறையில் மே மாதத்தில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே தாளின் மேல் பொடியையும் திரவத்தையும் குழைத்து, குழந்தை தலையைத் திருப்பி, தாய் மீண்டும் சமாதானப்படுத்தி வாயைத் திறக்க வைப்பதற்குள் சிமென்டின் பளபளப்பு போய்விடும். பளபளப்பு போன சிமென்ட் பல்லில் ஒட்டாது. வைத்தாலும் சில வாரங்களில் பெயர்ந்துவிடும். கண்ணாடிப் பலகையைக் குளிரவைத்துக் கலக்கலாம் என்றால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பலகை வியர்த்து, கலவையில் தண்ணீர் சேர்ந்து அதன் வலிமை குறைகிறது. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஏற்ற பொடி விகிதமும் கையாளும் முறையும் எவை என்று நம் கல்லூரிகள் ஆராயாவிட்டால் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பவர்கள் ஆராயப்போவதில்லை.

பாதரசம் கலந்த அமால்கம் அடைப்பும் இவர்களுக்கு இனி வழியாகாது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. பால் பற்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அமால்கம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. மாற்றுப் பொருள்களை வாங்கிவைக்க இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். கடைசிக் கட்டச் சொத்தை வாய் முழுவதும் பரவியவர்களுக்கு, முழு மயக்கத்தில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை, ஈறு சுத்தம் ஆகிய அனைத்தையும் ஒரே அமர்வில் முடிப்பதே நலம். இதைச் செய்யத் தனித் திறமை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும் என்பதால், மயக்கத்தில் தலையைப் பின்னால் வளைப்பதே ஆபத்து. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறும் இருக்கிறது. ஹீமோபிலியா உள்ளவருக்குக் கீழ்த்தாடையை மரக்கச்செய்யும் ஊசியைக்கூட, ரத்தம் உறைய உதவும் உறைபொருளை ஏற்றாமல் போட்டால், தொண்டைப் பக்கம் ரத்தம் கசிந்து மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும். பல் பிடுங்கிய குழியில் ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைக் கொப்பளிக்கச் சொல்வது வழக்கம். கொப்பளிக்கத் தெரியாதவருக்கு அதைத் துணியில் நனைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பல் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தவியல் மருத்துவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் முன்கூட்டியே பேசித் திட்டமிட்டால் மட்டுமே இவை பாதுகாப்பாக நடக்கும். விபத்து, பிரசவம் என்று நிரம்பி வழியும் அறுவை அரங்கில் பல்லுக்கு இடம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். ஆகவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாதத்தில் ஒரு நாளையாவது இவர்களுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே, குறிப்பாக ஊரகப் பகுதிகளில், இலவச மருத்துவச் சேவை தர வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமையும் கேட்கிறது. ‘அருகிலேயே’ என்ற சொல்லில் பல்லும் அடங்கும். குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களுக்குரிய பணியாளர் பட்டியலில் பல் மருத்துவர், பல் தொழில்நுட்பர் இருவருமே இருக்கிறார்கள். அந்த இடங்களை எல்லா மாவட்டங்களிலும் நிரப்பி, மேலே சொன்ன கரைசலும் சிமென்டும் உலோகத் தொப்பிகளும் அங்கே எப்போதும் இருப்பில் இருக்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறை உறுதிசெய்தால், மதுரைப் பயணங்களில் பெரும்பகுதி தேவைப்படாது.

அந்த மையங்களின் பொறுப்பு 18 வயதோடு முடிகிறது. அதன் பிறகுதான் எனக்குப் பெருங்கவலை. இந்தியாவின் முதுநிலைப் பல் மருத்துவப் படிப்புகளில் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவத் துறை பொறுப்பேற்கிறது; அதே பிள்ளை வளர்ந்து முப்பது வயதானால் எந்தத் துறைக்கும் அவன் உரியவன் அல்ல. பிரிட்டன் 2008-இல் சிறப்புத் தேவையாளர் பல் மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது. இங்கே அப்படியொரு முதுநிலைப் படிப்பு இல்லை. நாற்பது வயது மகனைக் கைப்பிடித்துக் கூட்டிவரும் எழுபது வயதுத் தாய்மார்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனக்குப் பின் இவன் வாயை யார் திறந்து பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆறுதல் வார்த்தை பதிலாகாது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் வயது வரம்பில்லாத சிறப்புத் தேவையாளர் பிரிவை முதலில் தொடங்கலாம். பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் குறிப்பிட்ட காலம் அங்கே பணியாற்றுவதைக் கட்டாயமாக்கலாம். முதுநிலை ஆய்வேடுகளில் ஒரு பகுதியை அப்பிரிவின் நோயாளிகளுக்கு ஒதுக்கி, பெற்றோர் சங்கங்களையும் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காரவைக்கலாம். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குமாறு மருத்துவக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பல் மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.