கேட்ஸ்பி வீட்டின் ஞாயிற்றுக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் நூறாண்டைக் கடந்ததையொட்டி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விருந்து, மது, கார் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், கேட்ஸ்பியைக் காதலில் தோற்ற பணக்காரன் என்று சொல்லி முடித்துவிட்டார். அந்த நாவலில் கடவுளின் இடம் காலியாகக் கிடப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1925-இல் வெளிவந்த நாவல். கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில். நான்காம் அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறது. கரையோர ஊர்களில் தேவாலய மணி அடிக்கிறது. அதே நேரத்தில் ஊர் உலகமெல்லாம் கேட்ஸ்பி வீட்டுப் புல்வெளியில் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட். தற்செயலாக வந்த மணி அல்ல அது. அவர் கத்தோலிக்கராக வளர்ந்தவர். இந்த நாவலுக்கு முன்கதையாக எழுதி, பிறகு 1924-இல் தனிச் சிறுகதையாக வெளியிட்டதே ஒரு சிறுவனின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவதைப் பற்றித்தான்.

அப்புறம் அந்தச் சாம்பல் மேடு. செல்வர்களின் ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே, டி.ஜே. எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவரின் விளம்பரப் பலகை நிற்கிறது. முகம் கிடையாது, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய நீலக் கண்கள் மட்டும். அங்கே கார் பட்டறை வைத்திருக்கும் வில்சனின் மனைவி கார் மோதி இறந்துபோகிறாள். அன்று இரவு, காபிக் கடை வைத்திருக்கும் மைக்கேலிஸ் அவனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார். "நீ போகிற சர்ச் ஏதாவது உண்டா? பாதிரியாரை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார். எதிலும் இல்லை என்கிறான் வில்சன். விடியும் நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தக் கண்களைப் பார்த்துக் கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். "அது விளம்பரம்" என்கிறார் மைக்கேலிஸ்.

வகுப்பில் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். துக்கம் தாங்காமல் ஒருவன் நிமிர்ந்து பார்க்கிறான், மேலே இருப்பது வியாபாரப் பலகை.

கேட்ஸ்பியைப் பணத்தாசை பிடித்தவன் என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கள்ளச் சாராயத்தில் சேர்த்த பணம்தான், சரி. ஆனால் அத்தனையையும் தான் காதலித்த டெய்சியின் காலடியில் படைப்பதற்காகவே சேர்த்தான். அவன் பக்தன், கும்பிட்ட இடம்தான் தவறு. பிரிந்து ஐந்தாண்டு கழித்து அவள் வந்த நாளில், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த சட்டைகளை அள்ளி அள்ளி அவள் முன்னால் போடுகிறான். இவ்வளவு அழகான சட்டைகளைப் பார்த்ததே இல்லை என்று அவற்றில் முகம் புதைத்து அழுகிறாள். துணிக்காகவா அந்த அழுகை? முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவள் குரலில் பணம்தான் நிறைந்திருக்கிறது என்று பின்னால் அவனே சொல்கிறான். தெரிந்துதான் கும்பிடுகிறான்.

அவனுடைய இறுதிச் சடங்கன்று பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் அரைமணி நேரம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறான் கதையைச் சொல்லும் நிக். அப்போதும் யாரும் வரவில்லை. அந்த வீட்டிலேயே தங்கித் தின்ற ஒருவர், விட்டுப்போன டென்னிஸ் காலணிகளை அனுப்பி வைக்கச் சொல்லி முன்பே தொலைபேசியில் பேசியாகிவிட்டது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940-இல், 44 வயதில் இறந்தபோது, மேரிலாந்தின் ராக்வில்லில் தன் குடும்பத்தார் அடக்கமாகியிருந்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரத் திருச்சபை மறுத்துவிட்டது. அங்கே அவரை மாற்றி அடக்கம் செய்ய 1975 ஆயிற்று. கட்டுரையாளர் எட்டாம் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு இன்னொரு பகுதி எழுத வேண்டும் என்று உங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை