கரையை அண்டும்போது மெதுவாக

பருத்தித்துறை
மாசி 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, கிணற்றடிக்குத் தனியாகப் போய் வருகிறா. மேற்கு வேலி விஷயம் அப்படியே கிடக்கிறது. அதை எழுதி உன்னை அலுப்பாக்க விருப்பமில்லை. பொங்கலன்று உன் குரலைக் கேட்டது. இன்றோடு இருபது நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே, கலண்டர் எதிரே தொங்குகிறது.

பொழுது போகாமல் உன் ஊரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்த காலத்தில் அந்தப் பக்கத்தை நான்கு சொல்லில் முடித்திருக்கிறேன்: தூந்திரா, பாசி, கலைமான், குளிர். மணி அடிக்கும், அடுத்த பாடம். நான்கு சொல்லில் முடிகிற நிலமா அது? கனடாவின் வடமேற்கு ஆட்புலம் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இருபது இலங்கையை அடுக்கி வைக்கலாம். சனமோ 45 ஆயிரம் அளவில்தான், அதிலும் பாதிக்குக் கிட்ட உன் யெலோநைஃப் நகரில். நல்லூர்த் தேரன்று ஒரு வீதியில் நிற்கிற சனம் அவ்வளவு தேசத்துக்கும்!

ஊரின் பழங்குடிகள் டெனே மக்கள். அவர்களில் ஒரு பிரிவினர் செம்புக் கத்தி வைத்திருந்ததால் வந்த பெயராம் யெலோநைஃப். அவர்கள் வாயில் அது 'சோம்பா கே', பணம் இருக்கிற இடம். (எங்களுடைய சோம்பலோடு அதைச் சேர்க்காதே.) 1820இல் பிராங்க்ளின் என்ற கடற்படை அதிகாரி அங்கே போனபோது, காலம் பிந்திவிட்டது, இப்போது வடக்கே போனால் சாவுதான் என்று டெனே தலைவர் அகைச்சோ தடுத்தார். அந்த வருடம் நின்றார்கள். அடுத்த வருடம் போய்த் திரும்பி வருகையில் இருபது பேரில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். சப்பாத்துத் தோலை அவித்துத் தின்றார்கள். மிச்சப் பேரைக் காப்பாற்றியது அதே அகைச்சோவின் ஆட்கள். ஊர்க்காரன் சொன்னால் கேட்க வேண்டும் தம்பி. உனக்கு அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே குறைவு.

இனி அந்த ஐஸ் பாதை. நீ கணக்குப் பிரிவில் இருக்கிறபடியால் உனக்குத் தேவைப்படாது, சும்மா எழுதுகிறேன்.

முதல் காரணம் பாறை. யெலோநைஃப் இருப்பது கனேடியக் கேடயம் என்கிற பழம்பாறை மேல். அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் அளவில், அகாஸ்தா ஆற்றுப் பக்கத்தில், 400 கோடி ஆண்டு வயதுள்ள பாறை கிடக்கிறது. பூமியில் வயது கணித்த பாறைகளில் அதற்கு மூத்தது கிடைப்பது அரிது. பனியாறுகள் வந்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு போக, கீறின பள்ளமெல்லாம் ஏரியாகிவிட்டது. கோடையில் அந்த நிலத்தில் பாதை போடுவதென்றால் ஏரிக்கு ஏரி சுற்ற வேண்டும். குளிர் வந்தால் ஏரிதான் பாதை. 1950களில் ஜோன் டெனிசன் என்றொருவர் பெரிய கரடி ஏரிப் பக்கம் இப்படிப் பாதை திறக்கத் தொடங்கினார். 1991இல் வைரம் கண்டார்கள், 1998இல் எகாட்டி சுரங்கம், 2003இல் டயவிக். ஒரு வருடத்துக்குத் தேவையான டீசல், சீமெந்து, டயர் எல்லாம் மாசி, பங்குனி இரண்டு மாதத்துக்குள் யெலோநைஃப் பக்கமிருந்து இந்தச் சுரங்கங்களுக்குப் போகிற ஐஸ் பாதையால் போயாக வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நூற்றுக்கு 85 பங்கு ஏரி மேல். 2006இல் குளிர் போதாமல் நேரத்தோடு மூடிவிட்டார்கள், மிச்சத்தை விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தது.

பாதை தானாக உறைவதில்லை. முதலில் தண்ணீரிலும் மிதக்கிற இலகுவான சங்கிலி வண்டி ஒன்று ராடாரை இழுத்துக்கொண்டு போய் ஐஸின் தடிப்பை அளக்கும். பிறகு மேலே கிடக்கிற பனியை வழிப்பார்கள். பனி கம்பளி மாதிரி, அது கிடந்தால் குளிர் கீழே இறங்காது, ஐஸ் தடிக்காது. மெல்லிய இடத்தில் துளை போட்டுத் தண்ணீரை மேலே இறைத்து உறையவிடுவார்கள். முழுப்பாரம் ஏற்றிய லொறிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். நீலமாகத் தெரிவது நல்ல ஐஸ். வெள்ளையாக இருப்பது பனி ஊறி உறைந்தது, அதற்கு அரைவாசிப் பலம்தான் கணக்கு. முனகுவதும் வெடிச்சத்தம் போடுவதும் வழமை, அதற்குப் பயப்படத் தேவையில்லை. வெடிப்புக்குள்ளால் ஈரம் மேலே வந்தால்தான் கதை வேறு.

பாரத்தோடு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடமாட்டார்கள். ஏன் தெரியுமா? லொறியின் கீழே ஐஸ் வளையும். வளையும்போது அடியில் தண்ணீர் தள்ளுண்டு அலையாக ஓடும். வேகம் கூடினால் அலையும் லொறியும் ஒன்றாகச் சேர்ந்து ஐஸுக்கு இரட்டைப் பாரம். கரைக்குக் கிட்ட அலைக்குப் போக இடமில்லை, மோதித் திரும்பி வந்து ஐஸைக் கீழிருந்து உடைக்கும். நடு ஏரி ஆபத்து என்றுதான் எவரும் நினைப்பார்கள். கரைதான் ஆபத்து. கரையை அண்டும்போது 10 கிலோமீட்டர். முன்னால் போகிற லொறியை நெருங்கக் கூடாது. ஐஸ் மேல் நெடுநேரம் நிறுத்தவும் கூடாது, நின்ற பாரத்துக்கு ஐஸ் மெல்ல மெல்லத் தாழும். வெள்ளை வெளியில் அந்த வேகத்தில் மணிக்கணக்காகப் போனால் கண் சொக்கும். சொக்கினால் பாதை ஓரத்துப் பனிக்குவியலில் ஏறும். நித்திரை கொண்டுவிட்டு ஏறு.

ஏறு என்று எழுதிவிட்டேன். வெட்டவில்லை.

சின்ன மாமியின் மகன் ஒரு படம் அனுப்பினான். அம்மா பின்னின நீலத் தொப்பி உன் தலையில். பின்னால் லொறிக் கதவு திறந்திருக்கிறது, படியில் உன் ஒரு கால். அம்மாவுக்கு நான் காட்டவில்லை.

கோபம் இருந்தது. எங்களுக்கு ஏன் ஒளிக்க வேண்டும் என்று இரண்டு நாள் மனதுக்குள் உன்னை ஏசினேன். பிறகு அந்த ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. சித்தப்பாவின் லொறியோடு விடுமுறைக்குப் போய் வந்தவனை எழுப்பி நிறுத்தி, "வாத்தியாரின் மகன் கிளீனர் வேலைக்குப் பழகுகிறான்" என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நீ நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய், நகத்துக்குள் கிரீஸ் இருந்தது. இத்தனை வருடமாய்க் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கவுண்டன்ட் என்று சொன்னதும் நான்தான். எனக்கு ஏற்றதாய் நீயும் ஒரு பொய் செய்து தந்தாய். பிழை என்னுடையது தம்பி. பிழையை விளங்கிக்கொள்ள ஒரு படம் வர வேண்டியிருந்தது.

வடமராட்சியில் கப்பலோட்டின ஆட்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு. உறைந்த தண்ணீர் மேல் பாரம் கொண்டு போனவன் யார்? இதை நான் சந்தியில் சொல்லத்தான் போகிறேன், நீ வேண்டாமென்றாலும்.

இன்னும் இரண்டு விஷயம். பழைய ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் பக்கம் பனியை உருக்கித் தேநீர் போடுகிற விளையாட்டெல்லாம் வேண்டாம். அங்கே தங்கம் எடுக்கப் பாறையை வறுத்தபோது வந்த ஆர்செனிக் புகை பனியில் படிந்து, 1951இல் ஒரு டெனேக் குழந்தை செத்திருக்கிறது. இன்றைக்கும் 237,000 தொன் தூள் நிலத்துக்குக் கீழே. மற்றது மூக்கு, காது, விரல். தோல் வெள்ளையாகி உணர்ச்சி போனால் பனியால் தேய்க்காதே, உள்ளே போய் மெல்லச் சூடாக்கு. வெறுங்கையால் இரும்பைத் தொடாதே. எஞ்சினை இரவில் ஹீட்டரோடு செருகி வை. காதை மூடு. கரையை அண்டும்போது மெதுவாக.

மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் ஸ்கார்பரோ சித்தியிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். அங்கிருந்து உன்னிடம் எப்படி வரும் என்று அம்மா கேட்கிறா. நீ அங்கே போவதில்லை என்பதை எப்படிச் சொல்வது? அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு இரவு எட்டு மணியென்றால் எங்களுக்கு மறுநாள் காலை எட்டரை. அந்நேரம் அம்மா கோயிலில் இருப்பா. நான் விறாந்தையில் பத்திரிகையோடு தனியாகத்தான் இருப்பேன்.

அப்பா